சிவப்பு வந்தால் அசல்

பிள்ளையார்பாளையத்தில் திருஞானசம்பந்தத்தின் சொல்லுக்கு மறுசொல் கிடையாது. ஜரிகை அசலா போலியா என்று முப்பது வருஷமாகப் பார்த்துச் சொல்பவர். இப்போது அதற்கு மெஷின் வந்துவிட்டது. ஆனாலும் மெஷின் கொடுத்த சீட்டை அவரிடமே கொண்டுவந்து, "மிசின் கரெக்டாதான் சொல்லியிருக்குதாண்ணா?" என்று கேட்கிற தெரு எங்கள் தெரு.

அவர் முறை எளிது. ஜரிகை இழையைச் சுரண்டுவார். நல்ல ஜரிகைக்குள்ளே சிவப்புச் சாயம் போட்ட பட்டு நூல் இருக்கும். சிவப்பு எட்டிப் பார்த்தால் "அசல்" என்பார். வெள்ளை வந்தால் "போலி". அவ்வளவுதான், அடுத்த ஆள் வரலாம்.

இந்தக் கெட்டிக்காரத்தனம்தான் போன மாதம் அவர் காலை வாரியது.

எங்கள் தெரு அம்மன் கோயிலுக்குக் குடமுழுக்கு. எண்பது வருஷத்துக்கு முன்னால் நடந்த குடமுழுக்கில், அம்மனுக்குப் புடவை நெய்தவருக்கு நினைவுப் பரிசாக ஒரு வெள்ளிப் பதக்கம் கொடுத்தார்களாம். ஒன்றே ஒன்று. அது எந்த வீட்டில் இருக்கிறதோ அந்த வீட்டுக்காரர்தான் இந்த முறையும் நெய்ய வேண்டும் என்று பெரியவர்கள் முடிவு செய்தார்கள். வந்ததோ இரண்டு பதக்கம். ஒன்று நமச்சிவாயத்துடையது. கூலிக்கு நெய்கிறவர், அடித்தாலும் வாய் திறக்காதவர். இன்னொன்று நாலு தறி வைத்திருக்கும் சிவராஜுடையது. சிவராஜின் மகனுக்குத்தான் சம்பந்தம் தன் மகள் புவனேஸ்வரியைக் கொடுப்பதாகப் பேசி முடித்திருந்தார். பேரே சம்பந்தம், பிறகென்ன என்று நாங்கள் கேலி செய்துகொண்டிருந்தோம்.

சம்பந்தமே பார்த்துச் சொல்லட்டும் என்றது ஊர். அன்று அவர் வீட்டு வாசலில் ஜரிகையோடு நாலு பேர் காத்திருந்தார்கள். அவர் சிவராஜின் பதக்கத்தை விளிம்பில் கத்தியால் சுரண்டினார். சிவப்பு. "அசல்." நமச்சிவாயத்துடையதைச் சுரண்டினார். வெள்ளை. "போலி." நமச்சிவாயம் அதைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போய்விட்டார். யாருக்கும் ஒன்றும் தோன்றவில்லை. எனக்கும்தான்.

மூன்று வாரம் போனது. கோயிலில் சிவராஜின் பெயரை அறிவிக்க வேண்டிய நாள் காலையில், யாரோ கொண்டுவந்த ஜரிகையைச் சுரண்டி "அசல்" என்ற சம்பந்தம் அப்படியே நின்றுவிட்டார்.

"இன்னாண்ணா?" என்றேன், பக்கத்தில் இருந்த நான்.

"பதக்கத்துக்குள்ள ஏதுபா பட்டு நூலு?"

எனக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆனது. வெள்ளிப் பதக்கத்தைச் சுரண்டினால் வெள்ளைதானே வர வேண்டும்? சிவப்பு வந்தால் அது செம்பு, மேலே வெள்ளி முலாம். கை பழகிய பழக்கத்தில் வாய் தீர்ப்பைத் தலைகீழாகச் சொல்லிவிட்டது.

அவர் மனைவி தையல்நாயகி உள்ளேயிருந்து ஓடி வந்தார். "இன்னாங்க, கோயில்ல வாயத் தொறந்துடாதீங்க. ஞாயித்துக்கெழம தாம்பூலம் மாத்தணும். பொண்ணோட வாழ்க்கைங்க!"

சம்பந்தம் லென்ஸை எடுத்துக்கொண்டு கிளம்பினார். நானும் கூடப் போனேன். வழி நெடுக "விட்ருங்கண்ணா" என்று சொல்ல எனக்கும் வாய்வரை வந்தது. அதை நினைத்தால் இன்றும் வெட்கமாக இருக்கிறது.

கோயிலில் பதக்கம் தட்டில் இருந்தது, சந்தனம் குங்குமத்தோடு. பெயரைச் சொல்லப் போன பெரியவரைக் கையமர்த்திவிட்டு, சம்பந்தம் அதைத் துடைத்து லென்ஸ் வைத்துப் பார்த்தார். எழுத்துகளின் முனை மழுங்கியிருந்தது. வார்க்கும்போது காற்று அடைத்த ஊசிமுனைக் குழிகள் தெரிந்தன. விளிம்பைச் சுற்றி அரம் போட்டு மறைத்த கோடு வேறு. அன்று கோயிலில் கொடுத்தது அச்சில் அடித்த பதக்கம், அதில் இதெல்லாம் வராது. முதல் நாளே ஒரு நிமிஷம் நின்று பார்த்திருந்தால் தெரிந்திருக்கும்.

"இது செம்புல வார்த்தது," என்றார். "நான் சொன்னது தப்பு. நமச்சிவாயத்துதுதான் அசல்."

சிவராஜ் எகிறிக் குதித்தார். "எங்க தாத்தா பொட்டியில இருந்ததுய்யா! நாலு பேரு முன்னாடி என்னத் திருடனாக்கறியா? ஞாயித்துக்கெழம எவனும் என் வூட்டுப் படி ஏறக்கூடாது!" துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியேறினார்.

கல்யாணம் முறிந்தது என்று எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. சம்பந்தம் சிவராஜ் போன பக்கம் திரும்பவே இல்லை. கடைசியில் உட்கார்ந்திருந்த நமச்சிவாயத்தைத்தான் தேடினார்.

"நமச்சிவாயம், ஓடிப்போயி உன் பதக்கத்த எடுத்தாப்பா. பொடவ நீதான் நெய்யணும்."

நமச்சிவாயம் எழுந்தார். ஆனால் நகரவில்லை.

"இல்லண்ணா. போலிய சாமி மாடத்துல எதுக்கு வச்சிக்கினு இருக்கணும்னு, அழிச்சு பேத்திக்குக் கொலுசு பண்ணிட்டேன். தட்டாரு கூட, நல்ல வெள்ளியா இருக்குதுப்பா, உருக்கறதுக்கு முன்னாடி இன்னொரு வாட்டி உங்க சம்பந்தம் அண்ணன கேட்டுக்கினு வான்னாரு."

"கேக்க வேண்டியதுதானப்பா?" சம்பந்தம் கிட்டத்தட்ட அலறினார்.

"நீங்க சொன்னா தப்பாதே. எதுக்குண்ணா கேக்கணும்?"