வால்தம்ஸ்டோ பூங்காவில் ஆள் தேடுகிறோம்

லெஸ்டரிலிருந்து வந்து லண்டனில் ஒரு பகல் நிற்கிறோம், நானும் என் கூட்டாளி அன்டனும். நாளைக்கு சுவிஸ் மலைக்குப் போகிறோம். மேலே ஏற்றிவிட லிஃப்ட் இல்லாத மலை. ஸ்கீ என்ற சறுக்குப் பலகையைக் காலில் கட்டி நடந்து ஏறி, சறுக்கி இறங்க வேண்டும். அங்கே புதுப்பனி கனக்க விழுந்து, சரியப் பார்க்கிறதாம். பனிக்குள் புதைந்த ஆளைப் பத்து நிமிடத்தில் கண்டுபிடிக்கத் தெரியாதவரை ஏற விடமாட்டேன் என்று வழிகாட்டி சொல்லிவிட்டார்.

அதனால் பூங்காவில் பழகுகிறோம். சிக்னல் அனுப்பும் கருவி ஒன்றை அன்டன் இலைக்குவியலுக்குள் புதைத்துவிட்டான். இடத்தைக் காட்டிக்கொடுக்கக் கூடாதென்று அங்குமிங்கும் நடக்கிறான். என் கையிலுள்ள கருவி சிக்னலைப் பிடித்து, அது வரும் பக்கம் வழி காட்டுகிறது. முக்கால் மணி நேரமாகியும் கிடைக்கவில்லை.

தள்ளுவண்டியில் பிள்ளையோடு வந்த ஒரு தங்கச்சி நிற்கிறாள்.

“என்ன அண்ணை துலைச்சனீங்கள்?”

“மனிசனை.”

“ஐயோ! பொலிசுக்குச் சொல்லேல்லையோ?”

“சும்மா பழகுறம் தங்கச்சி,” என்கிறான் அன்டன்.

அவள் கொஞ்ச நேரம் பார்க்கிறாள். பிறகு சிரிக்கிறாள்.

“இவர் போற பக்கமெல்லாம் நீங்களும் பின்னாலை போறியள். இவரின்ரை கழுத்திலை தொங்குறது என்ன?”

அன்டன் குனிந்து பார்க்கிறான். அவனுடைய சொந்தக் கருவி. அதுவும் சிக்னல் அனுப்பிக்கொண்டிருக்கிறது.

அதை நிறுத்துகிறான். நான்கு நிமிடத்தில் இலைக்குள்ளிருந்து மற்றதை எடுக்கிறேன். தங்கச்சி கைதட்டுகிறாள்.

அன்டனுக்கு முகம் தெளியவில்லை. “மலையிலை நான் புதைஞ்சால் என்னடா செய்வாய்?”

“பயப்பிடாதை. இண்டைக்கு உன்னைத்தானே ஆறு தரம் கண்டுபிடிச்சனான்.”