எவ்வளவு கொஞ்சம்?

எங்கள் அண்ணியிடம் "சர்க்கரை கொஞ்சம் இருக்கு" என்று சொல்லிவிட்டு யாரும் அடுக்களையை விட்டுத் தப்பிவிட முடியாது. "இருக்குங்கிறியா, இல்லங்கிறியா?" என்று வழியை மறிப்பார். "எல்லாருக்கும் டீ போடப் போதும்னா இருக்குன்னு சொல்லு. டப்பாவச் சுரண்டணும்னா இல்லன்னு சொல்லு." ஒரு வாய் டீக்கு ஒரு விசாரணைக் கமிஷன். என் அண்ணன் அவருக்குத் தராசு என்று பெயர் வைத்திருக்கிறான். அதை நேரில் சொல்லும் தைரியம் மட்டும் அவனுக்கு இன்றுவரை வரவில்லை.

வீட்டில் இப்படி உயிரை வாங்குகிறவருக்கு ஆஸ்பத்திரியில் இதற்குத்தான் சம்பளம். டாக்டர்கள் பேசுகிற இங்கிலீஷை நம் ஆட்களுக்குத் தமிழில் எடுத்துச் சொல்கிற வேலை. அதே ஆஸ்பத்திரியில் நான் சக்கர நாற்காலி தள்ளுகிறேன். அதனால் கதவோரம் நின்று அண்ணி வேலை பார்ப்பதைப் பார்க்கும் பாக்கியம் எனக்கு உண்டு. பாக்கியம் என்று தெரிந்துதான் சொல்கிறேன்.

இங்கிலீஷில் 'கொஞ்சம்' என்பதற்கு இரண்டு வார்த்தை: எண்ண முடிகிறதற்கு ஃபியூ, எண்ண முடியாததற்கு லிட்டில். அதுவரை எனக்கும் தெரியும். ஆனால் முன்னால் ஒரு சின்ன 'எ' வந்து நின்றால் ஏதோ இருக்கிறது, வைத்துச் சமாளிக்கலாம் என்று பொருளாம். அந்த 'எ' இல்லாவிட்டால் கையை விரித்துவிட்டார்கள் என்று பொருளாம். நாம் 'கொஞ்சம்' என்பதோடு ஒரு 'தான்' சேர்த்து, உதட்டையும் பிதுக்கி, அதே வேலையை முடித்துவிடுகிறோம். கண் பிரிவில் ஒரு டாக்டரம்மா இருக்கிறார், நல்ல மனுஷி. தமிழில் 'கொஞ்சம்' என்ற ஒரே வார்த்தையைக் கற்றுக்கொண்டு வலி, மருந்து, ஆபத்து எல்லாவற்றுக்கும் சிரித்த முகமாக அதையே தூவிக்கொண்டிருந்தார். அண்ணிதான் அதைத் தடுத்தார். இப்போது டாக்டரம்மா எந்தச் சின்ன அளவைச் சொன்னாலும் அண்ணி உடனே வாய் திறப்பதில்லை. "அது எதுக்குப் போதும், எதுக்குப் போதாது?" என்று அவரிடமே திருப்பிக் கேட்டு வாங்கிக்கொண்டுதான் தமிழுக்கு வருவார்.

போன மாதம் ஒரு தையல்கார அம்மாவை நான் அந்த டாக்டரம்மாவின் அறைக்குத் தள்ளிக்கொண்டு போனேன். ஒரு கண் எப்போதோ போய்விட்டது. மற்றதும் மங்கிக்கொண்டே வந்து, வீட்டில் ஒரு மூலையில் உட்கார்த்தி வைத்திருந்தார்கள். அந்தக் கண்ணுக்கு ஆபரேஷன் செய்வதா வேண்டாமா என்று அன்றைக்கு முடிவாக வேண்டும். கூட வந்த மகன் வாசலிலேயே அண்ணியை மடக்கினான்.

"அக்கா, டாக்டர் என்ன சொன்னாலும், கொஞ்சம் சான்ஸ் இருக்குன்னு மட்டும் அம்மாகிட்ட சொல்லுங்க. அப்பதான் சம்மதிப்பாங்க."

"டாக்டர் அப்படிச் சொன்னா அப்படியே சொல்றேன், தம்பி."

"சொல்லலன்னா?"

"சொல்லலன்னா நானும் சொல்ல மாட்டேன். ஆபரேஷன் தப்பிப் போனா இருக்கிறதும் போயிடும்ல? கண்ணு அவங்களோடது."

அவன் முகம் கடுகடுத்தது. எனக்கும் அண்ணி மேல் சுருக்கென்று கோபம் வந்தது. பெற்றவளுக்காகக் கெஞ்சுகிறான், ஒரு வார்த்தை விட்டுக்கொடுத்தால் என்ன குறைந்துவிடும் என்று தோன்றியது.

உள்ளே திரைச்சீலை இழுத்து மூடிய அரை இருட்டு. அந்த அம்மா மோவாயைக் கருவியின் மேல் வைத்து, நிமிர்ந்து, சொட்டு மருந்து வழிந்த கன்னத்தைப் புடவைத் தலைப்பால் துடைத்துக்கொண்டார். டாக்டரம்மா நிதானமாகச் சொன்னார். ஆபரேஷனுக்கு லிட்டில் சான்ஸ். ஆனால் அந்தக் கண்ணில் எ லிட்டில் சைட் மிச்சமிருக்கிறது. ஒரே மூச்சில் இரண்டும் வந்தன. மகன் அண்ணியையே முறைத்துக்கொண்டிருந்தான்.

அண்ணி வழக்கம்போல டாக்டரம்மாவிடம் திருப்பிக் கேட்டார். அவரும் சளைக்காமல் கையை நீட்டி மடக்கி விளக்கினார். பிறகு அண்ணி தன் நாற்காலியை இழுத்துப் போட்டு அந்த அம்மாவின் எதிரே உட்கார்ந்தார்.

"அம்மா, ஆபரேஷன் பண்ணி நல்லா வர்றதுக்கு வழி இல்லாத மாதிரிதான். நம்பி இறங்கறதுக்கு அது போதாது. பண்ணினா, இருக்கிற பார்வையும் போகலாம்."

அந்த அம்மாவின் கை நாற்காலிப் பிடியை இறுக்கியது. "சரிம்மா" என்றார். மகன் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான்.

"இன்னும் இருக்கும்மா. இப்ப இருக்கிற பார்வை கொஞ்சம்தான்னு நினைச்சு விட்டுடாதீங்க. அது இருக்கு. ஊசில நூல் கோக்கப் போதாது. ஆனா நல்ல வெளிச்சத்துல, கைக்கெட்டற தூரத்துல, மனுஷ முகம் தெரியப் போதும்னு டாக்டர் சொல்றாங்க."

"முகமா? வீட்டுல எல்லாம் நிழலாத்தானே தெரியுது?"

"வீட்டுல வெளிச்சம் எப்படிம்மா?"

மகன்தான் சொன்னான்: "கண்ணு கூசும்னு நாங்கதான் ஜன்னல மூடி வெச்சிருக்கோம்."

நல்லது என்று நினைத்துத்தான் மூடியிருக்கிறார்கள். அவனைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. அண்ணி கண்ணால் காட்ட, நான் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வராந்தாக் கோடியிலிருந்த பெரிய ஜன்னலுக்குப் போனேன். காலை வெயில் தரையெல்லாம் கிடந்தது. அந்த அம்மா முதலில் கண்ணை இடுக்கிக்கொண்டார். பிறகு மெல்லத் திறந்து, பின்னாலேயே வந்த மகனின் சட்டையைப் பிடித்துக் கீழே இழுத்தார். அவன் மண்டி போட்டான். ஒரு தையலைச் சரிபார்க்கிற மாதிரி அவன் முகத்தை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார்.

அண்ணி மட்டும் கொஞ்சம் ஏற்றிச் சொல்லியிருந்தால், இந்தக் கண்ணையும் அல்லவா பணயம் வைத்திருப்பார்கள்?

"என்னம்மா, தெரியுதா?" என்று கேட்டான் மகன்.

அந்த அம்மா அவன் காதோரத்தை விரலால் தடவினார்.

"எப்படா உனக்கு இவ்வளவு நரைச்சுது?"