பாலைச் சந்தேகிக்கும் பால்காரி

கேனை இறக்கி வைப்பதற்குள் கன்னியம்மா கேட்டுவிடுவாள்: "இன்னாம்மா, கொயந்தைக்குப் பாலு ஒத்துக்குதா? குட்ச்சதும் வாந்தி எட்க்குதா? கண்ணு மஞ்சளா கீதா?" கேட்டபடியே தொட்டிலுக்குள் தலையை விட்டு, பச்சைக்குழந்தையின் கீழிமையை இழுத்துப் பார்ப்பாள். செம்பாக்கம் ஏரிக்கரையில் நான்கு எருமை கட்டிப் பால் ஊற்றுகிறவள், தன் சரக்கின் மேலேயே சந்தேகத்தைக் கிளப்பினால் வியாபாரம் உருப்படுமா? "பால் ஊத்த வரியா, பயமுறுத்த வரியா?" என்று ரிடையர்டு தாசில்தார் ஒருவர் கேட்டே விட்டார்.

"ஏவாரம் போனாப் போவுது சார். புள்ள போவக் கூடாது" என்றாள்.

அவளுக்கு ஒன்று போயிருக்கிறது. தலைச்சன் ஆண் குழந்தை. பன்னிரண்டு நாள்தான் இருந்தான். குடித்ததைக் கக்கினான், மஞ்சள் பூத்தான், வயிறு வீங்கினான். பால் பற்றவில்லை என்று ஊரே சொல்லிற்று. எருமைக்காரி வீட்டில் பாலுக்கா பஞ்சம்? தன் பாலையும் கொடுத்தாள், சங்கில் எருமைப் பாலையும் புகட்டினாள்.

எண்பத்தைந்தில் ஒரு பெண் பிறந்தது. எட்டாம் நாள் அதே வாந்தி, அதே மஞ்சள். தாம்பரத்தில் ஓர் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினாள். அங்கே லேபில் ரத்தினபாய் இருந்தாள். நாகர்கோவில்காரி, வாய்க்குள் ஏதாவது கீர்த்தனை ஓடிக்கொண்டே இருக்கும். குழந்தையின் சிறுநீரில் பரிசோதனைத் தாளை நனைத்துப் பார்த்தாள்: சர்க்கரை இல்லை. நீல மருந்து விட்டுக் குழாயைச் சுடவைத்தாள்: செங்கல் நிறத்துக்குத் திரும்பியது, சர்க்கரை உண்டு. வேறு யாராவதாக இருந்தால் இரண்டில் ஒன்று தப்பு என்று தள்ளியிருப்பார்கள். ரத்தினபாய் இன்னொரு முறை செய்து பார்த்துவிட்டு, குழாயும் கையுமாக மாடிப்படி ஏறி ஓடினாள். "டாக்டர், இது தாளுக்குத் தெரியாத வேற சர்க்கரை. பால்ல உள்ளது!"

அந்த வேளையோடு பால் நின்றது. தாய்ப்பாலும்தான். சோயா பவுடர் கரைத்துக் கொடுத்தார்கள். நான்கு நாளில் பெண் கண் விழித்து அழுதாள்.

கன்னியம்மாவுக்கு விளங்கவில்லை. தாய்ப்பால் விஷமாகுமா? ரத்தினபாய் அவளைப் பக்கத்தில் உட்காரவைத்துச் சொன்னாள்: "பால் சர்க்கரையில ரெண்டு ஆள் சேர்ந்திருக்காங்க. ஒருத்தர் நேரா வேலைக்குப் போயிடுவார். இன்னொருத்தருக்குத் தலையில துணிச் சும்மாடு வச்சாத்தான் நடை. அந்தச் சும்மாட்டுக்குப் பேர் நியூக்ளியோடைடு. வேற ஒருத்தர் தலையில இருந்து அதை எடுத்து இவர் தலையில வைக்கிறதுக்குன்னு ஒரு என்சைம் உண்டு. உன் பொண்ணுக்கு அது இல்லை. அதனால அந்த ரெண்டாவது சர்க்கரை நகராம தேங்கி நின்னு ஈரலைக் கெடுக்குது, கண்ணைக் கெடுக்குது."

"மத்த வேலைக்கெல்லாம் ஆளு கீதா?"

"இருக்கு. ஒரு செல் ரெண்டாகும்போது ஜீனுக்கு ஒவ்வொரு துண்டாக் கொண்டுவந்து கோக்கிற என்சைமும் இதோட சாதிசனம்தான். அதெல்லாம் ஒழுங்கா வேலை செய்யுது. நல்லா வளருவா."

கன்னியம்மா மடியில் கிடந்த பெண்ணின் வயிற்றைத் தடவிப் பார்த்தாள். பிறகு, "அப்போ மொதப் புள்ளைக்கு நாந்தான்..." என்று தொடங்கினாள். ரத்தினபாய் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "உனக்குத் தெரியாதேம்மா" என்றாள்.

பெண்ணுக்கு ரத்தினபாய் என்றே பெயர் வைத்தாள். பள்ளிக்கூடத்துத் தலைமையாசிரியை, "பூர்வீகம் நாகர்கோவிலா?" என்று கேட்டாராம். "இல்ல டீச்சர், ஏரிக்கரை" என்றிருக்கிறாள் இவள். ரத்தினிக்கு இப்போது ஏழு வயது. யார் பேடா நீட்டினாலும், "எனக்குப் பாலு ஆவாது" என்று திருப்பிக் கொடுத்துவிடுவாள். ஆனால் தாய் கறக்கும்போது மட்டும் பக்கத்தில் குந்தி, நுரையையே பார்த்துக்கொண்டிருப்பாள். அந்தப் பார்வை கன்னியம்மாவுக்குத் தாங்காது. நன்றி என்ற சொல் அவளுக்குப் பழக்கமில்லை. "அந்தம்மா மட்டும் இல்லன்னா..." என்று ஆரம்பித்து, முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொள்வாள்.

போன மாதம் மறுபடி ஓர் ஆண் குழந்தை பிறந்தது. நாலில் ஒரு பங்கு இதற்கும் அப்படி இருக்கலாம் என்றார்கள். ரத்தம் எடுத்துப் பட்டணத்துக்கு அனுப்பினார்கள். முடிவு வரும்வரை சோயாதான். ஐந்து நாள் அவள் தன் பாலைப் பீய்ச்சி முருங்கை மரத்தடியில் ஊற்றினாள். குழந்தை வாயைத் திறந்துகொண்டு மார்பைத் தேடும். இவள் அதன் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிப் பிடித்துக்கொண்டு சுவரைப் பார்ப்பாள். "பால்காரி வூட்ல புள்ளைக்குப் பாலு கெடியாதா?" என்று நாத்தனார் கன்னத்தில் கைவைத்துக்கொண்டாள். இவனையும் தன் கையாலேயே கொன்றுவிடக் கூடாதே என்ற பயம்தான் கன்னியம்மாவுக்கு.

ஐந்தாம் நாள் சாயந்திரம் ஆட்டோவில் ரத்தினபாயே வந்து இறங்கினாள். கையில் காகிதம். வாசலில் செருப்பைக் கழற்றக்கூட இல்லை. "குடு, கன்னியம்மா. இவனுக்கு ஒண்ணும் இல்லை. தாராளமாக் குடு."

கன்னியம்மா கையெடுத்துக் கும்பிட்டாள். குழந்தையை எடுத்து மடியில் போட்டுக்கொண்டவள், கதவோரம் நின்ற ரத்தினியைப் பார்த்தாள். கை நீட்டி அவளை இழுத்து இன்னொரு தொடையில் உட்காரவைத்து, அவள் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டாள். அதன் பிறகுதான் ரவிக்கையின் ஊக்கைக் கழற்றினாள்.