பதின்மூன்று நட்சத்திரங்கள்

மேல்மூலையில் சிவப்புச் சதுரம், அதன் குறுக்கே பெருக்கல் குறிபோல இரண்டு நீலப் பட்டைகள், பட்டைகளின் மேல் பதின்மூன்று வெள்ளை நட்சத்திரங்கள். மேசையில் வைக்கும் சின்னக் கொடி அது. அரிசிமணி அளவுள்ள அந்த நட்சத்திரங்களை என்னோடு வேலை பார்த்த அக்கா கையாலேயே தைத்தார்.

சிதம்பரத்தில் ஒரு தையல் கடையில் நான் கணினியில் படம் எடுத்துக் கொடுப்பேன், அக்கா தைப்பார். சேத்தியாத்தோப்புப் பக்கத்துக் காலனியிலிருந்து தினமும் பஸ்ஸில் வருவார். ஊரில் நடக்கவிருந்த கருத்தரங்கு ஒன்றுக்கு வெளிநாட்டு விருந்தினர்களின் மாநிலக் கொடிகள் கேட்டிருந்தார்கள். கியூபெக்கின் வெள்ளை லில்லிப் பூக்களும் பவேரியாவின் நீலக் கட்டங்களும் அக்காவுக்கு ரொம்பப் பிடித்துப்போயின. "நம்ம தமிழ்நாட்டுக்கு எது தம்பி?" என்றார். நமக்கென்று தனிக்கொடி கிடையாது என்றேன். "இவுங்களுக்கெல்லாம் இருக்குதே" என்று சிரித்தார்.

மிசிசிப்பிக்கு, தேடியதும் முதலில் வந்த படத்தை எடுத்துக் கொடுத்தேன். அது பழைய கொடி. கறுப்பின மக்களை அடிமைகளாகவே வைத்திருக்கப் போரிட்டவர்களின் சின்னம் அதில் இருந்ததால் அந்த மாநிலமே அதை இறக்கிவிட்டிருந்தது. எனக்கு அது தெரியாது, சரிபார்க்கவும் இல்லை.

மிசிசிப்பியிலிருந்து வந்திருந்தவர் கறுப்பினப் பேராசிரியை. தன் பெயரட்டைக்குப் பக்கத்தில் அந்தக் கொடியைப் பார்த்ததும் எழுந்து வெளியே போய்விட்டாராம். அரைமணி நேரத்தில் அமைப்பாளர் கடைக்கு வந்து கொடியை மேசையில் வீசினார். "தெச்சது யாரு?"

"நான்தான் சார்" என்றார் அக்கா.

படம் எடுத்துக் கொடுத்த நான் இரண்டடி தள்ளி நின்றிருந்தேன். வாய் திறக்கவில்லை. முதலாளி அக்காவை மறுநாளிலிருந்து வரவேண்டாம் என்றார்.

அமைப்பாளர் போனதும், அந்தக் கொடியில் என்னதான் இருக்கிறது என்று அக்கா கேட்டார். இணையத்தில் தேடிப் படித்துச் சொன்னேன். அக்கா கொடியைக் கவிழ்த்து வைத்தார். "எங்க தெரு முனையில ஒரு கொடி நட்டாங்க தம்பி. எங்க குடிசைகள கொளுத்திட்டுப் போனவுங்க நட்டது. அத பாக்கக் கூடாதுன்னே எங்கப்பா சாவுற வரைக்கும் வயல்ல எறங்கி சுத்திப் போனாரு."

பிறகு புதுக்கொடியின் படத்தைக் கேட்டு வாங்கினார். நடுவில் வெள்ளைப் பூ இருக்கும் கொடி. சாப்பிடாமல் உட்கார்ந்து தைத்து, மாலையில் என்னையும் அழைத்துக்கொண்டு பேராசிரியை தங்கியிருந்த விடுதிக்குப் போனார். பேராசிரியை பூவைத் தடவிப் பார்த்துவிட்டு, அந்தப் பழைய கொடி எப்படி வந்தது என்று மெதுவாகக் கேட்டார். அதை அக்காவிடம் தமிழில் சொன்னேன்.

"தெரியாம தெச்சிட்டேம்மான்னு சொல்லு தம்பி. மனசுல வெச்சிக்க வேணாம்னு சொல்லு."

அதை அப்படியே ஆங்கிலத்தில் சொன்னேன். ஒரு சொல் கூட்டவில்லை. பேராசிரியை அக்காவின் கைகளைப் பிடித்துக்கொண்டார். அவரை மன்னித்தார்.

அக்கா இப்போது செம்மங்குப்பம் பக்கம் ஒரு கம்பெனியில் கூட்டிப் பெருக்கும் வேலை செய்கிறார். போன மாதம் கடலூர் பஸ் நிலையத்தில் பார்த்தேன். இத்தனை வருஷம் உள்ளே கிடந்ததை ஒரு வழியாகச் சொல்லி, முதலாளியிடம் நான் உண்மையைச் சொல்லியிருந்தால் உங்கள் வேலை போயிருக்காது என்றேன்.

அக்கா என் பக்கம் திரும்பினார்.

"வேலைய வுடு. அந்தம்மா கிட்டயாவது சொல்லியிருக்கலாம் இல்ல?"

அவருடைய பஸ் வந்தது. திரும்பிப் பார்க்காமல் ஏறிக்கொண்டார்.