ஜிந்துப்பிட்டியின் நூறு குழாய்கள்

மர்லியா நரம்பைத் தேடிக்கொண்டிருக்க மாட்டார். முழங்கை மடிப்பில் இரண்டு விரலை வைப்பார், ஊசியை இறக்குவார், முடிந்தது. வெள்ளவத்தையில் காலி வீதியிலிருந்து கடல் பக்கம் இறங்கும் ஒழுங்கை ஒன்றில் உள்ள இரத்தப் பரிசோதனை நிலையத்தில் இருபத்திரண்டு வருடமாக இதுதான் அவர் வேலை. அவர் லீவு என்று தெரிந்தால் நீரிழிவுக்காரர் சிலர் அப்படியே திரும்பிப் போய் மறுநாள் வருவார்கள். "நான் குத்தினா நோவாது" என்று அவரே சொல்வார். கடைக்காரர் விலை சொல்வது போலத்தான் அது கேட்கும்.

சென்ற வருடம் டொக்டர் தயாபரன் தன் ஆய்வுக்கு அவரைக் கேட்டு வாங்கினார். வலிப்புக்குக் கொடுக்கும் மாத்திரை ஒன்று மிகச் சிலருக்குத் தோலையே உரித்துவிடும். மரபணுவில் குறிப்பிட்ட ஒரு குறி உள்ளவர்களுக்கு அந்த ஆபத்து அதிகம். அந்தக் குறி எந்தச் சமூகத்தில் நூற்றுக்கு எத்தனை பேரிடம் இருக்கிறது என்று பார்ப்பதே ஆய்வு. கொழும்பில் மூன்று கூட்டத்தாரைத் தெரிந்தெடுத்திருந்தார்கள்: வெள்ளவத்தையில் இருக்கும் யாழ்ப்பாணத்தார், மருதானை முஸ்லிம்கள், ஜிந்துப்பிட்டியில் இருக்கும் இந்திய வம்சாவளியினர். ஒவ்வொன்றிலும் ஒருவருக்கொருவர் உறவில்லாத நூறு பேர் வேண்டும். ஏழு வருடம் நாடு நாடாகச் சுற்றிவிட்டு வந்திருந்த எனக்கு அந்த ஆய்வின் படிவங்களைக் கணினியில் ஏற்றும் வேலை கிடைத்தது.

மற்ற இரண்டு கூட்டத்துக்கும் மாதக் கணக்கு எடுத்தது. ஜிந்துப்பிட்டியில் கோயிலுக்குப் பக்கத்து மண்டபத்தில், ஒரே சனிக்கிழமையில், மர்லியா நூறு பேரையும் முடித்துவிட்டார். ஆட்களைச் சேர்த்துக் கொடுத்தவர் அந்தப் பகுதியில் எல்லாருக்கும் தெரிந்த இராமலெட்சுமி. குழாய்ப் பெட்டியோடு வந்து இறங்கியபோது மர்லியாவின் முகத்தில் இருந்த பெருமையைப் பார்க்க வேண்டும்.

முடிவு வந்தது. யாழ்ப்பாணத்தாரில் நான்கு பேருக்கு அந்தக் குறி, முஸ்லிம்களில் மூன்று பேருக்கு. ஜிந்துப்பிட்டியில் பதினைந்து பேருக்கு.

தயாபரன் மர்லியாவைக் கூப்பிட்டு இருக்கச் சொன்னார். சத்தமாகக் கதைக்கிற மனிதர் அல்ல அவர்.

"ஒரு நாளில நூறு பேர் எண்டுறது கொஞ்சம் கூட, மர்லியா. ஆக்கள் போதாமல், ஒரு ஆளிட்டயே ரெண்டு மூண்டு டியூப் எடுத்திட்டியளோ?"

"ஒரு ஊசிக்கு ஒரு ஆள், டொக்டர்," என்றார் மர்லியா. "அந்தப் புத்தி எனக்கு இல்ல."

தயாபரன் நம்பவில்லை. இரத்த மாதிரிகளை ஒன்றோடொன்று ஒப்பிட்டுப் பார்க்க அனுப்பினார். அதோடு நிற்காமல் பரிசோதனை நிலைய முகாமையாளர் பஸீருக்கு ஒரு கடிதமும் எழுதிவிட்டார்: மாதிரிகளின் நேர்மையில் சந்தேகம் உள்ளது, விசாரணை முடியும்வரை மர்லியாவை வெளி வேலைக்கு அனுப்ப வேண்டாம். பஸீர் அதை மர்லியாவின் ஃபைலில், அவருடைய பணிக் கோவையில் போட்டார். இருபத்திரண்டு வருடக் கோவையில் மர்லியாவைப் பற்றிய முதலாவது முறைப்பாடு அது.

வேறு யாராக இருந்தாலும் அழுதிருப்பார்கள், அல்லது வேலையை விட்டிருப்பார்கள். மர்லியா அடுத்த ஞாயிறு என்னையும் கூட்டிக்கொண்டு ஜிந்துப்பிட்டிக்கு பஸ் ஏறினார். படிவங்களை எடுத்துவரவில்லை, அவை வெளியே போகக் கூடாதவை. இராமலெட்சுமியிடம் ஒரே கேள்விதான் கேட்டார்: அன்றைக்கு வந்தவர்களில் உங்கள் வீட்டு ஆட்கள் எத்தனை பேர்?

"வெளி ஆளையா முதல்ல கூப்பிடுவேன்?" என்று சிரித்தார் இராமலெட்சுமி. "எங்கம்மாவுக்கு நாங்க ஒம்பது புள்ளைங்க மிஸ். எல்லா வீட்டுக்கும் போய்ச் சொன்னேன். ஒருத்தர விட்டிருந்தாலும் கலியாண வீட்டுல முகம் குடுத்துப் பேச மாட்டாங்க."

விரல் விட்டு எண்ணினார்கள். கூடப் பிறந்தவர்கள், அவர்களின் பிள்ளைகள், பிள்ளைகளின் பிள்ளைகள் என்று முப்பத்தொரு பேர். தேநீர் வந்தது, மர்லியா குடிக்கவில்லை.

திரும்பும் வழியில் அவர் என்னிடம் படிவத்தைப் பற்றிக் கேட்டார். அதில் உறவு பற்றி ஒரு கேள்வியும் இல்லை. 'குடும்பப் பெயர்' என்று ஒரு கட்டம் இருந்தது. ஒரே பெயர் திரும்ப வந்தால் கணினி சொல்லும். வெளிநாட்டுப் படிவம் ஒன்றைப் பார்த்துத் தயாபரன் செய்தது. எங்களில் யாருக்குக் குடும்பப் பெயர் இருக்கிறது? கல்யாணமான பெண்கள் கணவரின் பெயரை எழுதியிருந்தார்கள், மற்றவர்கள் முதலெழுத்து, சொந்தப் பெயர் என்று மனதில் பட்டதை. கூடப் பிறந்த ஆறு பெண்கள் ஆறு குடும்பமாகியிருந்தார்கள். அந்தக் கட்டங்களை நானும் நூறு முறை பார்த்துப் பார்த்து ஏற்றியவள்தான்.

இரண்டு கிழமையில் ஒப்பீட்டு முடிவும் வந்தது. எந்த இரண்டு குழாயும் ஒரே ஆளுடையது அல்ல. ஆனால் முப்பத்தொன்று நெருங்கிய இரத்தம். குறி இருந்த பதினைந்து பேரில் பன்னிரண்டு பேர் அவர்களுக்குள்ளேயே இருந்தார்கள். ஒரு குடும்பத்தின் சொத்தை ஒரு சமூகத்தின் தலையில் எழுதப் பார்த்திருக்கிறோம்.

குறைந்த ஆட்களுக்குப் புதியவர்களைத் தேடி மர்லியா மறுபடி போனார், இந்த முறை வீடு வீடாக. ஊசியை எடுக்குமுன் அம்மாவின் பெயர், அம்மம்மாவின் பெயர், அப்பாவைப் பெற்றவரின் பெயர் என்று கேட்டு எழுதினார். முன்பு கொடுத்த மற்ற அறுபத்தொன்பது பேரிடமும் போய்க் கேட்டார். இராமலெட்சுமியின் குடும்பத்தில் ஒருவரை மட்டுமே வைக்கலாம் என்றதும் அவர் தன்னையே வைத்துக்கொண்டார். தங்கச்சி ஒரு கிழமை பேசவில்லையாம். புதிய நூறில் குறி இருந்தவர்கள் நான்கு பேர்.

தயாபரன் நேரில் மன்னிப்புக் கேட்டார். மர்லியா தலையாட்டிவிட்டு, சந்தேகத்தை எழுத்தில்தானே அனுப்பினீர்கள், இதையும் எழுத்தில் தாருங்கள் என்றார். தயாபரன் அங்கேயே இருந்து எழுதிக் கொடுத்தார். 'மர்லியாவின் பணியில் எந்தக் குறையும் இல்லை' என்று இருந்தது. மர்லியா வாசித்துவிட்டுத் தாளைத் திருப்பி மேசையில் வைத்தார்.

"கொற ஈக்குது, டொக்டர். சொந்தக்காரரா எண்டு கேக்காம எடுத்தது நான்தான். அத முதல்ல எழுதுங்க. பொறகு களவு இல்லண்டு எழுதுங்க. அப்பதான் வாசிக்கிறவங்க நம்புவாங்க."

தயாபரன் புதிய தாள் எடுத்து அப்படியே எழுதி, படிவத்தைத் தவறாக அமைத்தது தானே என்று தன் பங்குக்கும் ஒரு வரி சேர்த்தார். மர்லியா இரண்டு முறை வாசித்து, மடிக்காமல் கொண்டுபோய் பஸீரிடம் கொடுத்தார். பழைய கடிதத்தைக் கிழித்துவிடட்டுமா என்று பஸீர் கேட்டார்.

"வாணாம்," என்றார் மர்லியா. "ரெண்டும் ஈக்கட்டும். இத மேல வைங்க."