தெல்தோட்டையில் திறக்காத பூட்டு

எனக்குப் பூட்டுப் பைத்தியம் என்று என் கணவர் ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தார். சொல்லட்டும். கல்யாண வீட்டில் பாயசம் குடித்துக்கொண்டிருக்கும்போதே டிரெயிலரைப் பறிகொடுத்த மனிதருக்கு அப்படிச் சொல்லும் உரிமை கொஞ்சம் குறைவு என்பது என் கட்சி.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் தொடக்கத்தில் அவர் கண்டி டவுனில் வாடகைக் கார் ஓட்டிக்கொண்டிருந்தார். கார் அவருடையது, பழையது, ஆனால் சொன்ன பேச்சைக் கேட்கும். கல்யாண வீடுகளுக்குச் சமையல் சாமான் வாடகைக்குக் கொடுப்பது எங்கள் இரண்டாவது தொழில். அதற்கு முதலாளி நான். கிடாரம், அண்டா, கரண்டி, ஜமுக்காளம், காஸ் லாம்பு எல்லாவற்றையும் காரின் பின்சீட்டில் திணிக்க முடியாது என்பதால் கட்டுகஸ்தோட்டைப் பக்கத்தில் ஒரு கொல்லரிடம் சொல்லி இரண்டு சக்கர டிரெயிலர் ஒன்று செய்வித்தோம். அதன் முன்னால் நீண்ட இரும்புத் தண்டு, தண்டின் நுனியில் வளையம். காருக்குப் பின்னால் இரண்டு இரும்புப் பட்டைகள். வளையத்தைப் பட்டைகளுக்கு நடுவே வைத்து, மேலிருந்து கட்டைவிரல் பருமனில் ஓர் ஆணியை இறக்கினால் கார் எங்கே போனாலும் டிரெயிலர் பின்னாலேயே வரும்.

அந்த ஆணியை யார் வேண்டுமானாலும் பிடுங்கலாம் என்பது எங்கள் இருவருக்கும் தோன்றவில்லை, கொல்லருக்கும் தோன்றவில்லை. அம்பிட்டியவில் ஒரு கல்யாணத்தில், நாங்கள் பந்தியில் உட்கார்ந்திருந்த நேரம் பார்த்து யாரோ பிடுங்கிவிட்டார்கள். பட்டப்பகல். வண்டி இறக்கத்தில் தானாகவே உருண்டு போயிருக்கும். இரண்டு வளைவு தாண்டி வாய்க்காலில் கண்டுபிடித்தோம். காஸ் லாம்பு இரண்டையும் காணோம். பெரிய கிடாரத்தின் வயிறு உள்ளே போயிருந்தது.

"நல்ல வேளை, வண்டியாவது கெடச்சிது" என்றார் அவர்.

எனக்குப் பொத்துக்கொண்டு வந்தது கோபம். மறுநாள் காலை, கள்ளன் போட்டுவிட்டுப் போன அந்த ஆணியின் அடியில் கொல்லரிடம் ஒரு துளை போட வைத்து, பழந்துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு கடைத்தெருவுக்குப் போனேன்.

இரும்புச் சாமான் கடை வைத்திருந்தவர் திகனை ஊர்க்காரர், முஸ்லிம். அண்ணன் முறைக்கு அவரை நானா என்றுதான் கூப்பிடுவோம். நான் ஆணியை மேசையில் வைத்ததும் அவருக்குச் சிரிப்பு.

"என்ன தங்கச்சி, ஆணிக்குப் பூட்டா? ஊட்டுக்குப் பூட்டு கேப்பாங்க, அலுமாரிக்குக் கேப்பாங்க. ஆணிக்குக் கேட்டு இப்பத்தான் ஆள் வந்திருக்கு."

"அதுக்கு அடியில ஓட்டை போட்டிருக்கேன் பாருங்க நானா. அதுல தொங்கணும், கழட்டவும் முடியக் கூடாது."

முதலில் உள்ளங்கையளவு இரும்புப் பூட்டைக் காட்டினார். பார்க்கப் பயமாகத்தான் இருந்தது, ஆனால் பயம் நமக்கு, கள்ளனுக்கு இல்லை. ரோட்டுக்கு அவ்வளவு பக்கத்தில் தொங்கினால் கல்லிலெல்லாம் அடிபடும். கண்டி மழைக்கு இரும்பு ஒரு மாதம் தாங்காது. இன்னொன்று பளபளவென்று இருந்தது, வளைவு மட்டும் நீளம். நீளமான வளைவுக்குள் அலவாங்குக் கம்பியை விட்டு நெம்பலாம். வேறொன்றின் வளைவு மெல்லிசு. ஓர் அரம் போதும் அறுக்க. பூட்டைக் காதோரம் வைத்துப் பூட்டிப் பூட்டிச் சத்தத்தைக் கேட்டேன். உள்ளே தகடுகள் ஒவ்வொன்றாக விழும் சத்தம் வர வேண்டும். கடைக்காரர் இரண்டு தரம் தேத்தண்ணி குடித்து முடித்துவிட்டார்.

"பொண்ணு பாக்க வந்தவங்களும் இவ்வளவு நேரம் பாக்க மாட்டாங்க தங்கச்சி" என்றார். பிறகு உள்ளே போய், சாக்குத் துணிக்குள்ளிருந்து ஒரு பித்தளை ஆமைப்பூட்டை எடுத்து வந்தார். திண்டுக்கல் பூட்டு. என் அப்பாவின் ஆட்கள் அந்தப் பக்கம்தான் என்பதால் எனக்குக் கொஞ்சம் தலை கனத்தது என்பதை மறைப்பானேன். கைக்கடக்கம், நல்ல பாரம். வளைவு மட்டும் உருக்கு, கட்டை, பருமன். ஆணியின் துளையில் மாட்டிப் பார்த்தால் விரல் நுழைய இடமில்லை. சாவியைப் போட்டுக் கொஞ்சம் பின்னுக்கு இழுத்துத் திருப்ப வேண்டும். அந்தப் பக்குவம் தெரியாதவர் கையில் திறக்காது. அதையே வாங்கினேன்.

அன்றிலிருந்து அந்தப் பூட்டுக்கு நான் செய்த பணிவிடை கொஞ்சநஞ்சமல்ல. காருக்கு அடியில் தொங்குவதால் சேறெல்லாம் அதன் மேல்தான். சைக்கிள் டியூபை வெட்டிச் சாவித் துவாரத்துக்கு ஒரு மூடி கட்டினேன். வெள்ளிக்கிழமை தோறும் பல் துலக்கும் குச்சியால் அழுக்கெடுத்து, துடைத்து, உள்ளே எண்ணெய் விடுவேன். நான்கு சொட்டுப் போதும் என்ற இடத்தில் ஒரு கரண்டி விடுவேன். "பெத்த புள்ளைக்குக்கூட இப்பிடி எண்ணெ வைக்க மாட்டாங்க" என்பார் அவர். ஒரு சாவி என் முந்தானை முடிச்சில், இன்னொன்று அலுமாரியில். இரண்டு வருடம் எங்கள் சாமானில் ஒரு கரண்டி காணாமல் போனதில்லை. எனக்கு ஏற்பட்ட பெருமைக்கு அளவே இல்லை.

பிறகு ஒரு தை மாதம். தெல்தோட்டைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் கல்யாணம். தோட்டத் தொழிலாளர் வரிசையாகக் குடியிருக்கும் லயத்து வாசல் வரை டிரெயிலரோடு போய்ச் சாமானை இறக்கினோம். கல்யாணப் பெண்ணுக்கு ஒரு தங்கை இருந்தாள். இருபது வயதிருக்கும். தோட்டத்துப் பள்ளிக்கூடத்தை முடித்து, பிறகு மிஷன் பள்ளிக்கூடத்தில் கொஞ்சம் இங்கிலீசும் படித்தவள். மருத்துவச்சிப் பயிற்சிக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று எழுதிப் போட்டிருந்தாள். கல்யாணத்துக்கு மறுநாள் காலை ஒன்பது மணிக்குக் கண்டி ஆஸ்பத்திரியில் நேரில் வரச் சொல்லிக் கடிதம் வந்திருந்தது. ஒன்பது மணிக்குக் கதவை மூடிவிடுவார்களாம், அதற்குப் பிறகு வருகிறவர்களைக் கூப்பிட மாட்டார்களாம். தெல்தோட்டை பஸ்ஸைப் பிடிக்க ஐந்து மைல் நடக்க வேண்டும். நடந்து போய்ப் பிடித்தாலும் அந்த பஸ் ஒன்பதுக்குள் போய்ச் சேராது.

"நாங்க எப்பிடியும் கண்டிக்குத்தானே போறோம். ராத்திரி இங்கயே தங்கிட்டு விடியக்காலையில கூட்டிட்டுப் போறோம்" என்று என் கணவர் வாக்குக் கொடுத்தார். அந்தப் பெண்ணின் அப்பா அவர் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. அந்த லயத்திலிருந்து யாரும் அதுவரை அப்படி ஒரு வேலைக்குக் கூப்பிடப்பட்டதில்லை.

விடியும் முன்பே எழுந்தோம். பல் நடுங்கும் குளிர். சாமானெல்லாம் ஏற்றியாயிற்று. லயத்து ரோடு அங்கேயே முடிகிறது. ஒரு பக்கம் தண்ணீர் ஓடும் ஆழமான கான், மறு பக்கம் தேயிலைச் சரிவு. டிரெயிலரோடு பின்னால் எடுத்தால் அது மடங்கிக் கானில் விழும். டிரெயிலரைக் கழற்றிக் கையால், காலையில் ஆட்களைப் பேர் கூப்பிடும் பெரட்டுக்களம் வரை தள்ளிவிட்டு, பிறகு காரைப் பின்னால் எடுத்து அங்கே திருப்ப வேண்டும். வேறு வழி கிடையாது.

நான் குனிந்து சாவியைப் போட்டேன். திரும்பவில்லை.

பின்னுக்கு இழுத்துத் திருப்பினேன். முன்னுக்குத் தள்ளித் திருப்பினேன். சாவி உள்ளே களிமண்ணில் குத்தியதுபோல் நின்றது. அவர் வாங்கித் திருப்பினார். சாவியின் கழுத்து லேசாக வளைந்தது. பிடுங்கிக்கொண்டேன். அது உள்ளே முறிந்தால் எல்லாம் முடிந்தது.

"நேத்து எந்தச் சேத்துல கொண்டுபோய் எறக்குனீங்க?" என்று அவர் மேல் பாய்ந்தேன்.

"நல்ல பூட்டுதான் வாங்கியிருக்க" என்றார் அவர், கோபமே இல்லாமல். "நமக்கே தெறக்க மாட்டேங்குது."

லயத்து ஆண்கள் கூடிவிட்டார்கள். ஒருவர் அரம் கொண்டு வந்து அறுத்துப் பார்த்தார். அரத்தால் அறுபடக் கூடாது என்றுதானே பார்த்துப் பார்த்து வாங்கினேன். அரம் வழுக்கிப் பூட்டின் உடம்பில் பித்தளைத் தூள் கொஞ்சம் உதிர்ந்ததோடு சரி, உருக்கு வளைவில் கீறல்கூட விழவில்லை. பந்தம் கொளுத்திக் காட்டலாமா என்றார் இன்னொருவர். பெட்ரோல் தாங்கி ஒரு முழம் தள்ளித்தான் இருந்தது. என் கணவர் அவரைத் தடுத்து அப்பால் அனுப்பினார். ஆறரை ஆகியிருந்தது. ஏழேகாலுக்குள் புறப்படாவிட்டால் அந்த வளைவுகளில் ஒன்பது மணிக்குக் கண்டியைப் பார்க்க முடியாது. எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அந்தப் பெண்ணின் அப்பா கானின் ஓரத்தில் குந்திவிட்டார். அவர் திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

அவள் பாதித் தலை வாரியபடி வெளியே வந்தாள். எடுத்துக் கட்டிய நல்ல வெள்ளைச் சேலை. உள்ளங்கையில் தலைக்கு வைக்கும் எண்ணெய், வெள்ளையாகக் கட்டி பிடித்து இருந்தது. அதை மற்றக் கை விரலால் தேய்த்துக்கொண்டே கேட்டாள்.

"அக்கா, பூட்டுக்கு என்ன எண்ணெ போடுறீங்க?"

"தேங்கா எண்ணெதான். வேற என்ன..." சொல்லி முடிக்கும் முன்பே என் முகத்தில் ஈயாடவில்லை. மார்கழி, தை மாதங்களில் காலையில் போத்தலை வெயிலில் வைத்து உருக்காமல் நான் ஒரு நாளாவது தலை வாரியிருக்கிறேனா? போத்தலில் உறைவது பூட்டில் உறையாதா? புறப்படும் முன்பு வேறு, மலைக்குப் போகிறதே என்று கூடுதலாக ஒரு கரண்டி விட்டிருந்தேன். கண்டியில் நாங்கள் எப்போதும் வெயிலேறிய பிறகே டிரெயிலரைத் தொடுவோம். அதனால் இரண்டு வருடமும் தப்பியிருக்கிறது.

"அம்மா, கேத்தல அடுப்புல வையுங்க" என்று அவள் உள்ளே பார்த்துச் சொன்னாள். "சாக்கு ஒண்ணும் குடுங்க."

சுடுதண்ணீரை வெறுமனே ஊற்றினால் வழிந்து ஓடிவிடுகிறது. பூட்டு சூடேறுவதற்குள் ஆறிவிடுகிறது. சாக்குத் துண்டைக் கொதிக்கும் தண்ணீரில் முக்கிப் பூட்டைச் சுற்றி இறுக்கிப் பிடிக்க வேண்டும், மேலே தண்ணீர் விட்டுக்கொண்டே இருக்க வேண்டும். நான் கை நீட்டினேன்.

"நீங்க சாவியப் பாருங்க அக்கா. அதோட பக்குவம் ஒங்களுக்குத்தான் தெரியும்" என்று சொல்லிவிட்டு, அந்த வெள்ளைச் சேலையோடு காருக்கு அடியில் மண்ணில் படுத்துக்கொண்டாள். நானும் பக்கத்தில் படுத்தேன். அவள் அம்மா கேத்தலோடு குந்தினாள். முதல் கேத்தல் தீர்ந்தது, சாவி அசையவில்லை. இரண்டாவதில் ஏதோ இளகிய மாதிரி இருந்தது. சாவித் துவாரத்திலிருந்து மண்ணும் எண்ணெயும் கலந்து கறுப்பாக வடிந்தது. "இன்னும் ஊத்துங்கம்மா" என்றாள் அவள், பல்லைக் கடித்துக்கொண்டு. மூன்றாவது கேத்தலில் சாவியைப் பின்னுக்கு இழுத்துத் திருப்பினேன். உள்ளே தகடுகள் ஒவ்வொன்றாக விழும் சத்தம் கேட்டது.

ஆணியைப் பிடுங்கியதும் லயமே சேர்ந்து டிரெயிலரைத் தள்ளியது. பெரட்டுக்களத்தில் கார் திரும்பியபோது, மறுபடி மாட்ட நேரமில்லை என்று தெரிந்தது. கிடாரம், அண்டா எல்லாவற்றோடும் டிரெயிலரை அப்படியே, பூட்டில்லாமல் விட்டுவிட்டு ஏறினேன். சாயங்காலம் திரும்பி வந்தபோது வைத்தது வைத்தபடி இருந்தது. ஆனால் ஏறும்போது அதெல்லாம் என் யோசனையிலேயே இல்லை. சீக்கிரம் போங்க, சீக்கிரம் போங்க என்று அவர் தோளைத் தட்டியதுதான் நினைவிருக்கிறது. அவள் பின்சீட்டில் என்னோடு உட்கார்ந்து, மண் பட்ட சேலையை மடித்து மடித்துக் கறை தெரியாத பக்கத்தை வெளியே எடுத்தாள். நான் அவளுக்கு மீதித் தலையை வாரிப் பின்னினேன்.

ஆஸ்பத்திரி வாசலில் இறக்கியபோது ஒன்பதுக்கு நான்கு நிமிடம். அவள் ஓடினாள். கதவு அவளுக்குப் பின்னால் மூடியது.

வெளியே நாங்கள் காத்திருந்தோம். பதினொன்றும் ஆயிற்று, பன்னிரண்டும் ஆயிற்று. நான் அந்த வாசலில் என்னை நானே திட்டிக்கொண்ட மாதிரி என் கணவரைக்கூடத் திட்டியதில்லை. "வந்துருவா, கெடச்சிரும்" என்று அவர் சொல்லிக்கொண்டே இருந்தார். பேசாமல் இருங்கள் என்று அதற்கும் ஒரு கத்தல் கத்தினேன்.

அவள் மெதுவாக நடந்து வந்தாள்.

"எடுத்துட்டாங்க அக்கா" என்றாள். "அடுத்த மாசம் ஒண்ணாந் தேதி பெட்டியோட வரச் சொன்னாங்க."

என் கணவர் தலைத் துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். நான் நடுத்தெருவில் நின்று அழுதேன். அவ்வளவு சந்தோஷப்பட்டு அதற்கு முன் அழுததில்லை.

"என்னடி கேட்டாங்க?"

"முதல்ல எல்லாரையும் கையக் காட்டச் சொன்னாங்க அக்கா. சுத்தம் பாக்கத்தான். என் கையப் பாத்துட்டுப் பெரிய நர்சம்மா இது எப்பிடின்னு கேட்டாங்க. சொன்னேன். சுடுதுன்னா விட வேண்டியதுதானேன்னாங்க. விட்டா ஆறிப்போயிரும், மறுபடி முதல்லருந்து ஆரம்பிக்கணும்னு சொன்னேன். அப்பறம் என்கிட்ட ஒண்ணும் கேக்கல. மருந்து போட்டுவிட்டு, அப்பிடி ஒக்காருன்னாங்க."

அப்போதுதான் அவள் கைகளைப் பிடித்து விரித்தேன். இரண்டு உள்ளங்கையிலும் தோல் கொப்பளித்து, மருந்து தடவிப் பளபளவென்று இருந்தது. மூன்று கேத்தல் தண்ணீர் தீரும்வரை ஒரு சாண் தூரத்தில் அவள் பக்கத்தில் படுத்திருந்தேன். வழி முழுதும் அவளோடு ஒரே சீட்டில் வந்தேன், அவள் தலையை வாரிப் பின்னினேன். நான் பூட்டையும் மணியையும் தவிர வேறு எதையும் பார்க்கவில்லை.