அடுத்த வாரத் தையல்

தையல்கார அக்காவின் கடைக்கும் என் பட்டன் கடைக்கும் நடுவில் ஒரே சுவர். அதில் ஒரு சின்ன ஜன்னல். அவள் நூல் கேட்பாள், நான் ஊர் வம்பு கேட்பேன்; இருபத்திரண்டு வருடமாக இரண்டும் அந்த வழியாகத்தான் கைமாறுகின்றன. எனக்கு வாய் கொஞ்சம் நீளம். நானே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் இந்தத் தெருவில் வேறு யாராவது சொல்வார்கள்.

கோடையின் கடைசி மாதம் எங்கள் இருவருக்கும் ஈ ஓட்டும் மாதம். கல்யாணத் துணிகள் தைத்துக் கொடுத்து முடிந்திருக்கும். பள்ளிச் சீருடைக்கு இன்னும் யாரும் அளவு கொடுக்க வந்திருக்க மாட்டார்கள். மற்ற வருடங்களில் உட்கார்ந்து அந்த மாதத்தைத் திட்டித் தீர்ப்போம். அந்த வருடம் அக்கா மட்டும், "இந்த மாசம் பூரா ஒருத்தரும் வராம இருந்தாத் தேவல" என்றாள். எனக்கு எரிச்சலாக வந்தது.

"உனக்கென்ன, வீட்ல பென்ஷன் வருது. நான் பட்டனையா வேக வச்சுத் திங்கிறது?" என்று கேட்டுவிட்டேன். அப்போதுதான் விஷயத்தைச் சொன்னாள்.

அவள் வீட்டுக்காரர் முப்பது வருடம் நகரப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். ரொம்ப நாளாக வயிற்று வலி. டாக்டர் அவரிடம் குடலில் புண் என்று சொல்லி மாத்திரை எழுதிக் கொடுத்துவிட்டு, அக்காவைத் தனியாகக் கூப்பிட்டு உண்மையைச் சொல்லியிருக்கிறார். புற்று. பரவிவிட்டது. இனிமேல் கத்தி வைத்துப் பயனில்லை. இரண்டு மாதம், மிஞ்சிப்போனால் மூன்று.

"அவருகிட்டச் சொல்லப் போறதில்ல" என்றாள் அக்கா.

"இதென்ன கண்ணாமூச்சி ஆட்டம்? அவரு என்ன பச்சைப் பிள்ளையா?"

"அவருக்குப் பயம்னா என்னன்னே தெரியாதுன்னு எல்லாரும் நினைக்கறீங்க. ஸ்கேன் எடுக்கப் போறப்ப என் கையை எப்படிப் பிடிச்சாரு தெரியுமா? இந்த மாசம் எனக்கு வேலை இல்ல. அவரு பக்கத்துல உக்காந்திருக்கேன். அது போதும்."

ஆனால் ஒரு சிக்கல் இருந்தது. டிரைவர் அண்ணனுக்கு எடை பார்க்கும் மிஷின் மேல் நம்பிக்கை கிடையாது. "மிஷின் பொய் சொல்லும். என் பொண்டாட்டி தைச்ச சட்டை பொய் சொல்லாது" என்பார். கல்யாணமான நாளிலிருந்து கடைச் சட்டை போட்டதில்லை அவர். காலையில் குளித்துவிட்டுச் சட்டையை மாட்டி, இரண்டு பக்கமும் துணியைப் பிடித்து இழுத்துப் பார்ப்பார். லூசாக இல்லையென்றால் உடம்பு இளைக்கவில்லை என்று அர்த்தம். அவ்வளவுதான் அவருடைய வைத்தியம்.

அதனால் அக்கா திங்கட்கிழமைதோறும் அவருடைய ஐந்து சட்டைகளையும் இஸ்திரி போடுவதாகச் சொல்லிக் கடைக்கு எடுத்து வந்தாள். மதியம் அவர் தூங்கும் நேரத்தில் பக்கத் தையலை அரை விரல் உள்ளே பிடிப்பாள். சட்டைக் கையின் அகலத்தையும் பிடிப்பாள். காலர் பட்டனைத் தள்ளி வைப்பாள். பெல்ட்டை ஒளித்துவிட்டு, வீட்டில் இருக்கும்போது எதற்கு என்று பேன்ட்டுக்கு எலாஸ்டிக் வைத்துக் கொடுத்தாள். முகமும் கையும் வற்றிப்போனதை வெயிலின் மேலும் வயதின் மேலும் போட்டார்கள். நம்ப வேண்டும் என்று நினைக்கிற மனுஷனுக்கு அது போதுமாக இருந்தது. பொருத்தமான நூலும் பட்டனும் ஜன்னல் வழியாக நான்தான் கொடுத்தேன். ஆக, இந்தத் திருட்டுத்தனத்தில் எனக்கும் பங்கு உண்டு.

அந்த மாதம் அவர்கள் இருவரும் சந்தோஷமாக இருந்தார்கள் என்று சொன்னால் யாராவது என்னை அடிக்க வரலாம். ஆனால் இருந்தார்கள். காலையில் பால்கனியில் ஒரே வாளித் தண்ணீரில் நாலு காலையும் விட்டுக்கொண்டு ரேடியோ கேட்பார்கள். தர்பூசணித் துண்டு ஒன்றை அவருக்குச் சாறாகப் பிழிந்து கொடுத்துவிட்டு, அக்கா சக்கையைச் சாப்பிடுவாள். எதிர் மாடியில் ஒரு கிழட்டுப் பூனை வெயில் நகர நகரத் தானும் நகர்ந்து படுக்கும். அதற்கு "டெப்போ மேனேஜர்" என்று பெயர் வைத்திருந்தார் அண்ணன். முப்பது வருடத்தில் பகல் வெளிச்சத்தில் தன் பெண்டாட்டி முகத்தைப் பார்க்க இப்போதுதான் நேரம் கிடைத்ததாம். என்னிடமே சொன்னார். அக்கா வெட்கப்பட்டு உள்ளே போய்விட்டாள்.

நாலு மணிக்குக் காற்று திரும்பும். இருவரும் மெதுவாக நடந்து வந்து என் கடைக்கு எதிரே பேருந்து நிறுத்தத்துப் பெஞ்சில் உட்காருவார்கள். அண்ணன் கண்ணை மூடிக்கொள்வார். சத்தத்தை வைத்தே எந்த வண்டி, யார் ஓட்டுகிறார் என்று சொல்லிவிடுவார். வண்டி நின்றதும் விமர்சனம் தொடங்கும்.

"ஏன் பட்டன்," என்று ரோட்டைத் தாண்டிக் கத்துவார், என்னை அப்படித்தான் கூப்பிடுவார், "அவன் பிரேக்கை மிதிக்கிறானா, கரப்பான்பூச்சியை மிதிக்கிறானா?"

"நீங்க ஓட்டினப்ப எனக்கு முன் பல்லே ஆடிப்போச்சுண்ணே!" என்பேன். அவர் சிரிக்கப் பார்ப்பார். வயிறு வலித்துப் பாதியில் நிறுத்திக்கொள்வார்.

மூன்றாவது திங்கட்கிழமை அக்கா சட்டைகளைக் கொண்டு வந்தபோது சரியாகத் தூங்கியிருக்கவில்லை. நீலச் சட்டைக்கு மிஷினில் நீல நூல் மாட்டியிருந்தது. அந்த வாரத்துக்குப் பிடித்து முடித்தாள். மறுபடி நூல் மாற்றி மாற்றி மாட்டுவானேன், மாட்டியது மாட்டியபடி அடுத்த வாரத்துக்கும் சேர்த்துப் பிடித்துவிட்டால் ஒரு வேலை மிச்சம் என்று இன்னொரு தையல் ஓட்டினாள். தையல்காரர்கள் எல்லோரும் செய்வதுதான். அந்தச் சட்டையைத் தனியே எடுத்து வைத்துவிட நினைத்திருந்தாள். மறந்துவிட்டாள்.

மறுநாள் காலை அண்ணன் என் கடைக்கு வந்தார். வந்தார் என்றா சொன்னேன், கிட்டத்தட்ட ஓடி வந்தார். நீலச் சட்டை. பட்டன்களுக்கு நடுவே துணி விரிந்து பனியன் தெரிந்தது.

"பட்டன், பாரு! இறுக்குது! மூச்சு விட முடியல! நான் தேறிட்டேன்!"

அவருக்குப் பின்னால் அக்கா நின்றாள். முகத்தில் ஈயாடவில்லை. எனக்கு ஒரு நொடியில் புரிந்துவிட்டது. அண்ணன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, நிறுத்தாமல், முழுச் சிரிப்பாகச் சிரித்தார். என் கடையிலேயே உட்கார்ந்து மகளுக்குப் போன் போட்டார்.

மகள் வேறு ஊரில் வேலையில் இருந்தாள். புது வேலை, லீவு கேட்டாலே முகம் சுளிக்கிற இடம். அப்பாவுக்கு உடம்பு சரியில்லை என்று மட்டும் சொல்லி அம்மா வரச் சொல்லியிருந்தாள்; அவளும் கெஞ்சிக் கூத்தாடி வெள்ளிக்கிழமை இரவு வண்டிக்கு டிக்கெட் எடுத்திருந்தாள். சனிக்கிழமை காலையில் வந்து சேர்ந்திருப்பாள்.

"நீ ஒண்ணும் அடிச்சுப் பிடிச்சு ஓடி வர வேண்டாம் பாப்பா. அப்பாவுக்குச் சட்டையெல்லாம் இறுக்குது! டிக்கெட்டை மாத்து. மாசக் கடைசியில வா, ஒரு வாரம் சேர்ந்தாப்ல இரு. உங்கம்மாவுக்கு எல்லாத்துக்கும் பதட்டம்."

அவர் வீட்டுக்குப் போனதும் அக்கா என் போனைக் கையில் எடுத்தாள். மகளின் எண்ணை அழுத்தத் தொடங்கினாள்.

அப்போது நான் சொன்னேன். "விடுக்கா. டாக்டர் ரெண்டு மாசம்னாரே, இன்னும் மூணு வாரம்கூட ஆகல. இப்ப அவளைக் கூப்பிட்டா அவ அழுதுக்கிட்டே அப்பாவுக்குப் போன் பண்ணுவா. மனுஷன் ரெண்டு நாள் சந்தோஷமா இருந்துட்டுப் போகட்டுமே. ஞாயித்துக்கிழமை சொல்லிக்கலாம்."

அக்கா போனைக் கீழே வைத்தாள்.

அந்த ஐந்து நாளும் அவர் அந்தச் சட்டையைக் கழற்றவே இல்லை. தெருவில் எல்லோரிடமும் காட்டினார். சலூன்காரரிடம், பேப்பர் போடுகிறவரிடம், நிறுத்தத்தில் நின்ற முன்பின் தெரியாத ஒரு அம்மாவிடம்கூட.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் வாந்தியில் ரத்தம். ஆம்புலன்ஸ் வந்தது. அந்த டிரைவர் வளைவில் தடால் தடாலென்று பிரேக் போட்டான். அண்ணன் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. அதிலேயே தெரிந்துபோயிற்று என்றாள் அக்கா. ஆஸ்பத்திரி போய்ச் சேருவதற்குள் முடிந்துவிட்டது.

மகள் அன்று சாயங்காலம் வந்து சேர்ந்தாள். எல்லாம் முடிந்து, வந்தவர்கள் கலைந்த பிறகு, நான் டீ போட்டு எடுத்துக்கொண்டு போனேன். அழுது ஓய்ந்த முகத்தோடு அவள் கேட்டாள்.

"சட்டை இறுக்குதுன்னு சொன்னாரேம்மா. எதுக்கு என்கிட்டப் பொய் சொன்னாரு?"

"அவரு பொய் சொல்லல" என்றாள் அக்கா. எழுந்து போய் ஆஸ்பத்திரியில் கொடுத்த பையிலிருந்து நீலச் சட்டையை எடுத்து, உள்பக்கம் வெளியே வரும்படி புரட்டி மகள் மடியில் வைத்தாள்.

தையல்காரி மகளுக்கு விளக்க வேண்டியதில்லை. விரலால் தடவிக்கொண்டே போனாள். முதல் வாரத் தையல், இரண்டாவது வாரத் தையல், மூன்றாவது வாரத் தையல். அதற்கும் உள்ளே இன்னொன்றில் விரல் நின்றது.

"இது?"

"அது அடுத்த வாரத்துக்கு."

நான் டீயைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றேன்.

மகள் அந்தத் தையலிலிருந்து விரலை எடுக்காமலே சொன்னாள்: "அன்னிக்கே எனக்கு ஒரு போன் பண்ணியிருக்கலாமேம்மா. வெள்ளிக்கிழமை ஏறியிருப்பேனே. ஒரு நாள் முழுசா அப்பாவோட இருந்திருப்பேனே."

"அவரு சிரிச்சாரு பாப்பா. நீ அதைப் பாத்திருக்கணும். அப்படிச் சிரிச்சு எத்தனை நாளாச்சு."

"நான்தான் பாக்கலையேம்மா."

அக்கா தலையைக் குனிந்துகொண்டாள். போனைக் கீழே வைக்கச் சொன்னது யார் என்று அவள் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம்; நான் எதிரில்தான் நின்றேன். நானும் சொல்லவில்லை. ஆறிப்போன டீயை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனேன். வெளியே கேட்காமலிருக்கக் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.